வாசகர் கேள்வி – பதில்: கண்ணகியின் அடுக்களையும் பாண்டியனின் தீர்ப்பும்

இந்த மாதம் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காப்பிய மாந்தரைப் பற்றியவை. சிலப்பதிகாரத்தைப் பற்றியே மிகுதியான கேள்விகள் வந்திருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்னும் மரபுச் செய்தியைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற நகரத்தார் வாழும் பகுதி இது என்பதால், புகார் வணிகனின் கதையில் இத்தனை ஈடுபாடு இருப்பது இயல்பே. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, ஐந்து கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: கண்ணகி பொறுமையின் வடிவம் என்று வகுப்பில் குறிப்பு எழுதினோம். மதுரையை எரித்தவளைப் பொறுமையின் வடிவம் என்று எப்படிச் சொல்வது? பாத்திரப் பண்பை விளக்குக என்று தேர்வில் கேட்டால் எதை எழுதுவது?

பண்பின் பெயரை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்ற சான்றுகளை நூலுக்குள் தேடுவதால்தான் இந்தத் தடுமாற்றம் வருகிறது. முறையை மாற்றிப் பாருங்கள். கண்ணகி வாய் திறந்து பேசுகிற இடங்கள் எவை, ஒவ்வோர் இடத்திலும் அவள் யாரிடம் பேசுகிறாள், அதற்கு முன் எதை இழந்திருக்கிறாள் என்பதை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவளுடைய பண்பு அந்த வரிசையிலிருந்து தானே தெரியவரும்.

புகார்க் காண்டத்தின் 10 காதைகளில் அவள் பேசுவது மிகக் குறைவு. கோவலன் மாதவியின் மனையிலேயே தங்கிவிட்ட காலத்தில், சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் பிரிந்த கணவரோடு கூடி வாழலாம் என்று தோழி தேவந்தி சொல்கிறாள். அதற்குக் கண்ணகியின் மறுமொழி, ‘பீடு அன்று’ என்பது மட்டுமே. பொறுமை ஒன்றையே உடையவளாக இருந்தால், துயர் தீர ஒருவர் காட்டும் வழியை அவள் பற்றிக்கொண்டிருப்பாள். தன் பெருமைக்கு ஒவ்வாத வழியில் கணவனே திரும்பி வந்தாலும் தனக்கு வேண்டியதில்லை என்று இருப்பவள் அவள். அந்த உரையாடல் அடங்குவதற்குள் கோவலன் வந்துவிடுகிறான். குலம் தந்த பொருட்குன்றத்தைத் தொலைத்த வறுமை தனக்கு நாணம் தருகிறது என்று அவன் சொல்கிறான். அவள் முகத்தில் முறுவல் காட்டி, ‘சிலம்பு உள கொண்ம்’ என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லையே என்று அவன் வருந்துவதாக அவள் எண்ணியிருக்கக் கூடும் என்பதை நினைத்துக்கொண்டு அந்த இரண்டு சொற்களையும் மறுபடி படியுங்கள். அந்த முறுவலின் பின்னால் எவ்வளவு அடக்கி வைத்திருக்கிறாள் என்பது புரியும்.

அடக்கி வைத்தது வெளிப்படும் இடம் கொலைக்களக் காதை. மதுரையில் அடைக்கலம் தந்த ஆயர்குல மூதாட்டி மாதரி கொடுத்த மனையில், மெல்விரல் சிவக்கக் காய்களை அரிந்து, சமைத்து, வாழைக் குருத்தை விரித்து, அவள் கோவலனுக்குச் சோறு படைக்கிறாள். உண்டு முடித்தவன், புறப்படு என்றதும் ஏன் என்னோடு புறப்பட்டு வந்தாய் என்று கேட்கும்போதுதான், அவள் தன் குறையை முதன்முறையாகச் சொல்கிறாள். அவள் சொல்லும் முறையைக் கவனியுங்கள். நீங்கள் என்னைப் பிரிந்தீர்கள் என்று அவள் தொடங்கவில்லை. ‘அறவோர்க்கு அளித்தலும் அந்தணர் ஓம்பலும், துறவோர்க்கு எதிர்தலும் தொல்லோர் சிறப்பின் விருந்து எதிர் கோடலும் இழந்த என்னை’ என்று, ஓர் இல்லத்தரசி இழந்த கடமைகளின் வரிசையோடு தொடங்குகிறாள். மாமனும் மாமியும் பார்க்க வந்தபோது தான் காட்டிய பொய்ம்முறுவலே அவர்கள் உள்ளத்தை வருத்தியது என்பதையும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகே ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று கணவனின் முகத்துக்கு நேரே கூறுகிறாள்.

விருந்தோம்பலை இழந்ததை அவள் ஏன் முதலில் வைத்தாள் என்பதைச் செட்டிநாட்டார் எளிதில் உணரலாம். திருமணமான மகனுக்கும் மருமகளுக்கும் அதே வளவுக்குள் தனி அடுப்பு மூட்டிக் கொடுத்து, வரவையும் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்ளும்படி செய்கிற ‘வேறு வைத்தல்’ இங்கே நன்கு அறியப்பட்ட வழக்கம். மனையறம் படுத்த காதையின் முடிவில் கோவலனின் தாய் செய்வதும் இதுவே. சுற்றத்தைப் பேணுவதையும் விருந்து புறந்தருவதையும் இளையவர்கள் தாமே நடத்தக் கண்டு மகிழ வேண்டும் என்று, அவர்களைத் தனி மனையில் குடியமர்த்துகிறாள். அப்படிப் பொறுப்போடு ஒப்படைக்கப்பட்ட இல்லத்தைக் கணவன் உடனில்லாமல் அந்தக் கால அறத்தின்படி நடத்த முடியாது. ஆகவே கோவலனின் பிரிவால் அவள் இழந்தது கணவனின் அன்பை மட்டுமன்று, ஊர் அறியக் கையில் கொடுக்கப்பட்ட ஒரு நிலையையும் சேர்த்துத்தான். மாதரி மனையில் அவள் சமைத்த அந்த ஒருவேளை உணவால் இழந்த இல்லறம் ஒருநாள் அளவுக்கு அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. அதை உண்டு எழுந்தவன்தான் கொலையுண்டான். அவளுடைய சினத்தை இந்த இடத்திலிருந்து அளக்க வேண்டும்.

அந்தச் சினத்திலும் அளவு தவறவில்லை. மதுரையை எரிக்கும்போது பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயோர் பக்கம் மட்டும் சேர்க என்று தீக்கடவுளுக்கு ஏவுகிறாள். தேவந்திக்குச் சொன்ன மறுமொழியிலிருந்து இந்த ஏவல் வரையில் அவளிடம் மாறாமல் இருப்பது தன்மதிப்பு என்பது என் கருத்து. தன்னளவில் பட்ட துன்பத்தை அந்தத் தன்மதிப்பால் அவள் மறைத்துக்கொள்கிறாள். கணவன்மேல் கள்வன் என்னும் பழி விழுந்தபோது அதே தன்மதிப்பால் அரசவைக்குச் செல்கிறாள். தேர்வில் இதை எழுதுங்கள். எழுதும்போது மேற்கண்ட அடிகளைச் சான்றாகக் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன கணவர்களை ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்து, இங்கே பெரிய வீடுகளை நடத்திய ஆச்சிமார்களின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்குக் கண்ணகியின் தனிமை விரைவில் மனத்தில் படும். அது வாசிப்புக்குத் துணை செய்யும். ஆனால் பொருள் ஈட்டப் பிரிந்தவனுக்காகக் காத்திருப்பது வேறு, பொருளை அழிக்கப் பிரிந்தவனைத் தாங்கியிருப்பது வேறு. நம் வீட்டுக் கதையைக் காப்பியத்தின்மேல் ஏற்றிவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துபோகும்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர்: மூலத்தைப் படித்தால் விளங்கவில்லை. உரையை மட்டும் படித்தால் போதாதா?

போதாது. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டபோது அரும்பதவுரையையும் அடியார்க்குநல்லார் உரையையும் சேர்த்தே வெளியிட்டார். அடியார்க்குநல்லார் உரை முழு நூலுக்கும் கிடைக்கவில்லை என்றாலும், இசையையும் கூத்தையும் பற்றி அவர் தரும் விளக்கங்கள் இல்லாமல் அரங்கேற்று காதையைப் புரிந்துகொள்வது கடினம். எனினும் உரை பொருளைச் சொல்லும். யார் எங்கே பேசாமல் இருந்தார்கள் என்பதைச் சொல்லாது. ஒரு காதையை முதலில் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு உரையைப் பாருங்கள். அதன் பின் மறுபடி மூலத்துக்கு வாருங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர்: குலத்தின் செல்வத்தை அழித்து, மனைவியைக் கைவிட்ட கோவலனை, ‘கருணை மறவன்’ என்றெல்லாம் மாடலன் என்னும் மறையவன் புகழ்கிறான். கெட்டவனைக் கடைசி நேரத்தில் நல்லவனாக்கிக் காட்ட இளங்கோவடிகள் செய்த ஏற்பாடா இது?

உங்கள் ஐயம் நியாயமானது. மாடலன் அடைக்கலக் காதையில் சொல்லும் நிகழ்ச்சிகள் மூன்று. மதயானையின் கையில் அகப்பட்ட முதிய அந்தணரைக் கோவலன் பாய்ந்து மீட்டான். குழந்தையைக் காத்த கீரியைத் தவறாகக் கொன்ற பார்ப்பனப் பெண்ணின் துயரைத் தன் பொருளைக் கொடுத்துத் தீர்த்து, அவளை விட்டுப் பிரிந்து சென்ற கணவனோடு சேர்த்து வைத்தான். பொய்க்கரி, அதாவது பொய்ச்சான்று சொன்ன ஒருவனைப் புகாரின் நாற்சந்தியில் இருந்த சதுக்கப் பூதம் பிடித்துக்கொண்டபோது, அவன் உயிருக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொள்ளும்படி வேண்டினான். பூதம் மறுத்துவிட, இறந்தவனுடைய சுற்றத்தாரைப் பல ஆண்டுகள் பேணினான். இவற்றைப் புகார்க் காண்டத்திலேயே சொல்லியிருந்தால் கோவலனின் தவறு நமக்கு இலேசாகப் பட்டிருக்கும். அவன் தவறு செய்யும்போது தவறை மட்டுமே நாம் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றும், அவன் சாவதற்கு முன்பே மதுரை யாரைக் கொல்லப் போகிறது என்பதை அறிய வேண்டும் என்றும் அடிகள் கருதியிருக்கிறார். ஏற்பாடுதான், ஐயமில்லை, ஆனால் அதில் பொய் இல்லை.

மூன்று நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் அவனுடைய இயல்பு தெரிகிறது. கண்முன் ஒருவர் துன்பப்படும்போது கோவலன் கணக்குப் பார்ப்பதே இல்லை. யானையின்மீது பாய்ந்ததும், பூதத்திடம் உயிரை நீட்டியதும் அந்த இயல்பினால். தெருவில் ஒரு கூனி 1,008 கழஞ்சுப் பொன் பெறும் மாலையை விலை கூறியதும் வாங்கிக்கொண்டு மாதவியின் மனைக்குப் போனதும், கானல் வரியில் மாதவி வேறொருவன்மேல் மனம் வைத்தவள் போலப் பாடியதைக் கேட்டதும் எழுந்து பிரிந்ததும் அதே இயல்பினால்தான். கொடைக்கும் கேட்டுக்கும் ஊற்று ஒன்றே என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய பாத்திரம் நம் இலக்கியத்தில் அரிது. மாலை வாங்கிய நிகழ்ச்சி ஓரிடத்திலும் பூதத்தின் கதை வேறோர் இடத்திலும் கிடப்பதால் படிப்பவர்கள் இந்த ஒருமையைத் தவறவிடுகிறார்கள்.

அவன் மாறுகிறானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மாறுகிறான். புகாரில் தோழி வசந்தமாலை கொண்டுவந்த மாதவியின் முதல் மடலை அவன் ஏற்கவே இல்லை. மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்னும் அந்தணன் கொண்டுவந்த இரண்டாம் மடலைப் படித்ததும், அவள்மேல் தீதில்லை, தீது தன்னுடையதே என்று உணர்கிறான். அந்த மடலில் இருந்த மன்னிப்பு வேண்டும் சொற்கள், தான் தன் பெற்றோருக்கு எழுத வேண்டிய சொற்களாகவும் பொருந்துகின்றன என்று கண்டு, அதே மடலைத் தன் பெற்றோரிடம் கொண்டு சேர்க்கும்படி கோசிகனிடமே கொடுத்தனுப்புகிறான். கணிகை எழுதிய கடிதத்தை ஒரு பெருவணிகன் தன் சொற்களாக ஏற்றுத் தந்தைக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய இறக்கம் என்று எண்ணிப் பாருங்கள். மாதவியின் பெருமையும் அந்த ஓரிடத்தில் நிலைபெறுகிறது.

வங்கிப் பணியில் இருந்தவர் என்பதால் இதையும் சொல்கிறேன். கண்ணகி நீட்டிய சிலம்பைப் பெற்ற கோவலன் அதை விற்று உண்போம் என்று சொல்லவில்லை. அதை முதலாக வைத்து, இழந்த பொருளை மதுரையில் ஈட்டுவேன் என்கிறான். அழிந்த வணிகன் மறுபடி வணிகனாக எழ முனைந்த அந்த ஒற்றை முதலே, அவனைக் கள்வன் என்று காட்டும் பொய்ச்சான்றாக ஆகிவிட்டது. பொய்ச்சான்று சொன்னவனுக்காக உயிர் கொடுக்க முன்வந்தவன் பொய்ச்சான்றாலேயே உயிரிழந்தான் என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி: எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு விவாதம். எல்லாம் ஊழ்வினை என்றால் பாண்டியன்மேல் குற்றம் இல்லை. குற்றம் அவன்மேல் என்றால் ஊழுக்கு இடமில்லை. எது காப்பியத்தின் கருத்து?

நூலின் முகப்பில் உள்ள பதிகம் மூன்று கருத்துகளைச் சொல்கிறது: அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். இவற்றை எழுதிவிட்டால் கருப்பொருளை ஆராய்ந்துவிட்டதாகப் பலர் கருதுகிறார்கள். பதிகம் சொல்வது நூலின் வாசல் மட்டுமே. அந்தக் கருத்துகள் ஒன்றோடொன்று எங்கே மோதுகின்றன என்பதைக் கதைக்குள் சென்றுதான் பார்க்க வேண்டும். உங்கள் வட்டத்தார் அந்த மோதலைச் சரியாகக் கண்டிருக்கிறார்கள், ஆச்சி.

கொலைக்களக் காதையில் பாண்டியன் நிற்கும் நிலையைப் பாருங்கள். மதுரைப் பெண்களின் ஆடலும் பாடலும் அரசன் உள்ளத்தைக் கவர்ந்தன என்று ஊடிய கோப்பெருந்தேவி, அதை வெளிக்காட்டாமல் தலைநோய் என்று சொல்லி அவையை விட்டுப் போய்விடுகிறாள். அவளைத் தணிக்கச் செல்லும் வழியில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டு, தேவியின் சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்று கோவலனைக் குறித்துச் சொல்கிறான். அந்த அவசரத்தில் அரசன் அவையைக் கூட்டவில்லை, சிலம்பைத் தானே பார்க்கவில்லை; கள்வன் கையில் அது இருந்தால் அவனைக் கொன்று கொண்டுவருக என்று காவலர்க்குச் சொல்லிவிடுகிறான். அந்த இடத்தில் அடிகள், வினை விளையும் காலம் ஆதலின் என்று ஓர் அடியில் சொல்லி, உடனே அடுத்த அடியில் வேம்பன் (பாண்டியன்) ‘தேரான் ஆகி’, அதாவது ஆராயாதவனாகி, என்கிறார். ஊழும் அரசனின் பிழையும் அடுத்தடுத்த அடிகளில் நிற்கின்றன. ஒன்றைச் சொன்னதால் மற்றது இல்லை என்று ஆகவில்லை. பின்னர்க் கண்ணகி அரசவையில் எடுத்துக்கொள்வது அந்த இரண்டாவது சொல்லைத்தான்: ‘தேரா மன்னா’.

இந்தப் பிழை ஒருவரோடு நிற்கவும் இல்லை. கொலை செய்யச் சென்ற காவலர் கோவலனைப் பார்த்து, இவன் கொலைப்படும் மகன் அல்லன் என்று ஐயுறுகிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை விரித்துப் பேசி அவர்களைக் குழப்புகிறான். அப்போதும் அவர்கள் தயங்கிக்கொண்டிருக்க, கல்லாக் களிமகன் ஒருவன் வாளை எறிந்துவிடுகிறான். இத்தனை பேரில் ஒருவர் நின்று விசாரித்திருந்தாலும் அந்த உயிர் போயிருக்காது என்னும்படியாகவே அடிகள் காட்சியை அமைத்திருக்கிறார்.

முற்பிறப்புக் கதை எப்போது வருகிறது என்பது இன்னும் முக்கியம். கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பவனாக இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக் கொல்வித்தான் என்று மதுராபதித் தெய்வம் சொல்வது, அரசன் இறந்து மதுரை எரிந்த பிறகு. பாண்டியன் அந்தக் கதையைக் கேட்கவே இல்லை. சிலம்பு உடைந்து, தேவியின் சிலம்பில் இருக்கும் முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததும், ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று பழி முழுவதையும் தன்மேல் ஏற்று உயிர் விடுகிறான். ஊழின்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கும் வாய்ப்பை அடிகள் அவனுக்குக் கொடுக்கவில்லை, அவனும் தேடவில்லை. அதனால்தான் நெடுஞ்செழியனைக் கொடியவன் என்று என்னால் எழுத முடியவில்லை. ஆகவே இந்தக் காப்பியத்தில் ஊழ் என்பது துயருற்றவர்க்கு நிகழ்ந்தபின் சொல்லப்படும் விளக்கம். ஆள்பவன் தன் செயலுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அது அவனுக்குத் துணைக்கு வருவதில்லை.

நாட்டரசன்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: கும்பகருணன் உயர்ந்தவனா, வீடணன் உயர்ந்தவனா?

கம்பருடைய சமாதி உள்ள ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து, இதுபோன்ற தலைப்புகள் இந்த மண்ணில் ஆர்வத்தோடு வாதாடப்பட்டு வருகின்றன. பட்டிமண்டபத்தில் ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டியிருக்கும். தனியே அமர்ந்து படிக்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை.

கும்பகருணன் கண்மூடித்தனமாக அண்ணனைப் பின்பற்றியவன் அல்லன். மந்திரப் படலத்தில், பேசுவது மானம், இடை பேணுவது காமம் என்று அவையிலேயே இராவணனைக் கண்டித்தவன். போருக்குப் புறப்படும்போதும், என்னைப் பகைவர் வென்றால் உன்னையும் வெல்வது உறுதி, அதன் பின் எண்ணிக்கொண்டிராமல் சீதையை விட்டுவிடு என்று சொல்லிச் செல்கிறான். போர்க்களத்தில் வீடணன் வந்து அழைக்கும்போது, ‘நீர்க்கோல வாழ்வை நச்சி’ நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்று மறுக்கிறான். அண்ணன் செய்தது தவறு என்பதில் தம்பியர் இருவருக்கும் வேறுபாடே இல்லை. அறிந்த பின் என்ன செய்வது என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள்.

கம்பர் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்குக் கும்பகருணனின் கடைசி வேண்டுகோளே சான்று. வீழ்ந்து கிடக்கும் அவன், இராவணன் கண்டால் தம்பி என்று இரங்காமல் வீடணனைக் கொன்றுவிடுவான், ஆகையால் உன்னையும் உன் தம்பியையும் அனுமனையும் விட்டு என் தம்பி ஒருபொழுதும் பிரியாமல் இருக்க அருள வேண்டும் என்று இராமனிடம் கேட்கிறான். அண்ணனுக்காக உயிரைக் கொடுத்தவன், அந்த அண்ணனிடமிருந்து தம்பியின் உயிரைக் காக்கும்படி பகைவனிடம் அடைக்கலம் கேட்கிறான். வீடணன் எடுத்த முடிவு சரியானது என்று ஏற்றுக்கொள்ளாதவனால் இப்படிக் கேட்க முடியாது. அது தன் முடிவும் ஆகாது என்பதில் உறுதியாக இருந்தவனாலும்தான் கேட்க முடியும். மந்திரப் படலத்தையும் கும்பகருணன் வதைப் படலத்தையும், இடையில் வேறெதையும் படிக்காமல், அடுத்தடுத்து ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள். உங்கள் கடிதத்தை அடுத்த இதழில் வெளியிட்டு விவாதத்தைத் தொடரலாம்.